பழைய காரின் எஞ்சின் அதிர்வும் கடகட சத்தமும்: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் தொடுவது

பத்து, பதினைந்து வருடம் ஓடிய சின்ன பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் இந்த விஷயத்தில் பெரும்பாலும் கடைசிப் படியில்தான் தொடங்குகிறார்கள். டேஷ்போர்டு இடுக்கில் ஸ்பாஞ்ச் திணிப்பார்கள். கதவுக்குள் டேம்பிங் ஷீட் (தகட்டின் துடிப்பை அடக்க ஒட்டும் ஷீட்) ஒட்டக் கொடுப்பார்கள். ஒரு வாரம் வண்டி அமைதியாக இருக்கும், அப்புறம் வேறொரு மூலையில் சத்தம் கிளம்பும். எஞ்சின் உதறிக்கொண்டே இருந்தால் உள்ளே எதை அடைத்தாலும் அடுத்த கிளிப் கழன்றுகொள்ளத்தான் செய்யும்.

அதனால் வரிசை இதுதான்: முதலில் எஞ்சின் சீராக எரிய வேண்டும். அடுத்து அதைத் தாங்கும் ரப்பர். பிறகு சக்கரம். கேபின் கடைசி. முதல் மூன்றும் சரியானாலே உள்ளே கேட்கும் சத்தங்களில் நிறைய தானாக அடங்கிவிடும்.

நான் வேலை செய்தது 3 சிலிண்டர் 800 சிசி வண்டியில். 4 சிலிண்டர் காருக்கும் இதே வரிசை பொருந்தும்.

1. கையில் இருக்க வேண்டியவை

ஸ்பானர் செட், பிளக் ஸ்பானர், நல்ல டார்ச், ஜாக்கி, அடியில் கொடுக்க ஒரு ஜோடி ஸ்டாண்டு, ஒரு சாண் நீள மரக்கட்டை, ஒரு முழ ரப்பர் குழாய், டிரிம் (கேபினுக்குள் மூடியிருக்கும் பிளாஸ்டிக் பாகங்கள்) கழற்றும் பிளாஸ்டிக் பட்டை, ஃபெல்ட் டேப், சிலிக்கான் ஸ்பிரே. காகிதமும் பேனாவும் கட்டாயம்.

உதவிக்கு ஓர் ஆள் வேண்டும். எஞ்சினை ஒருவர் பார்க்க, பெடலை இன்னொருவர் மிதிக்க வேண்டிய சோதனைகள் இதில் வரும். தனியாகச் செய்ய முயன்று பெடலில் செங்கல் வைத்தவரைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அது வேண்டாம்.

டேம்பிங் ஷீட்டை இப்போதே வாங்காதீர்கள். வாங்கி வைத்துவிட்டால் ஒட்டத்தான் கை போகும்.

2. வண்டியைக் காலி செய்து, இப்போதைய நிலையைப் பதிவு செய்யுங்கள்

டிக்கி, கிளவ் பாக்ஸ், கதவுப் பை, சீட்டுக்கு அடி எல்லாவற்றையும் காலி செய்யுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, ஜாக்கிக் கம்பி மூன்றையும் வெளியே எடுத்து வையுங்கள். டோலுக்கென்று போட்டு வைத்த சில்லறை, டேஷ்போர்டில் பசை விட்டுப்போன பிள்ளையார், பின் சீட்டில் யாரும் போடாத பெல்ட்டின் கொக்கி, இவையும் சத்தம் போடும். காலி வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு, எடுத்ததை ஒவ்வொன்றாகத் திரும்ப வையுங்கள். ஜாக்கிக் கம்பியை வைத்ததும் சத்தம் வந்தால் ஒரு பழைய துணியைச் சுற்றினால் வேலை முடிந்தது.

அடுத்து ஓர் எவர்சில்வர் டம்ளரில் பாதித் தண்ணீர் ஊற்றி, கியர் பக்கத்தில் சமமான இடத்தில் வையுங்கள். எஞ்சின் சூடானதும் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடவிட்டு) ஏசி இல்லாமல் அரை நிமிடம், ஏசி போட்டு அரை நிமிடம் போனில் வீடியோ எடுங்கள். சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தெரியலாம். ஆனால் இரண்டு வாரம் கழித்து "முன்னைவிடப் பரவாயில்லையோ?" என்று கேட்டுக்கொள்ளும்போது நினைவை நம்ப முடியாது, வீடியோவை நம்பலாம்.

முடிந்தால் அதே மாடல் வண்டி, நன்றாகப் பராமரித்தது, ஒன்றில் ஏறி உட்கார்ந்து பாருங்கள். மாருதி 800, பழைய ஆல்ட்டோ இரண்டிலும் இருப்பது 796 சிசி, 3 சிலிண்டர் எஞ்சின். மூன்று பிஸ்டன்களும் ஒன்றின் மேல்கீழ் விசையை மற்றவை ஈடுகட்டும்படி 120 டிகிரி இடைவெளியில்தான் அமைந்திருக்கின்றன. ஆனாலும் முதல் சிலிண்டரும் மூன்றாவதும் இரு முனைகளில் இருப்பதால், எஞ்சின் ஒரு முனை ஏறி மறுமுனை இறங்குவது போல ஆடும். அந்த ஆட்டம் பிறவிக்குணம். 4 சிலிண்டர் வண்டியின் அமைதியை அதில் தேடினால் கையில் இருக்கும் காசுதான் கரையும்.

3. அதிர்வு எப்போது வருகிறது என்று எழுதுங்கள்

"வண்டி அதிருது" என்று மெக்கானிக்கிடம் போனால், அவருக்கு எது கைவந்த வேலையோ அதைத்தான் செய்து தருவார். நேரத்தைச் சொன்னால்தான் காரணம் பிடிபடும்.

நின்ற இடத்தில் ஐடிலில் மட்டும் உதறுகிறதா? பிளக், ஐடில், மவுண்டிங் (எஞ்சினைத் தாங்கும் ரப்பர்) பக்கம் பாருங்கள். நிற்கும்போதே தானாக வந்து, ஒரு நிமிடத்தில் தானாகப் போகிறதா? ரேடியேட்டர் ஃபேன். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் என்றால் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் உள்பக்க ஜாயின்ட் அல்லது மவுண்டிங். பிரேக் போடும்போது மட்டும் ஸ்டீயரிங் துடித்தால் டிஸ்க்.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வருகிறது என்றால் அது எஞ்சினா சக்கரமா என்று பிரிக்க வேண்டும். ஆளில்லாத நேரான சாலையில் அந்த வேகத்தைத் தொட்டு, இரண்டு விநாடி கிளட்ச்சை மிதியுங்கள். எஞ்சின் வேகம் இறங்கியும் உதறல் அப்படியே இருந்தால் சக்கரம். உடனே அடங்கினால் எஞ்சின் பக்கம். ஓடும்போது சாவியை மட்டும் அணைக்காதீர்கள். பிரேக் கல்லாகிவிடும், ஸ்டீயரிங்கும் பூட்டிக்கொள்ளலாம்.

4. எஞ்சின் எல்லா சிலிண்டரிலும் எரிகிறதா?

இதை மவுண்டிங்குக்கு முன்னால் வைப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் அடித்தால், அதாவது சரியாக எரியாமல் விட்டுப்போனால், புது மவுண்டிங் போட்டாலும் உதறும். 3 சிலிண்டரில் ஒன்று போனால் பலத்தில் மூன்றில் ஒரு பங்கே போய்விடுகிறது.

சைலன்சர் வாய்க்குப் பின்னால் ஒரு சாண் தள்ளிக் கையைக் காட்டுங்கள். காற்று சீராக வர வேண்டும். நடுநடுவே ஒரு "புஸ்" விட்டுப்போனால் மிஸ்ஸிங்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது பிளக்குகளைக் கழற்றுங்கள். சிலிண்டர் ஹெட் அலுமினியம் என்பதால், சூட்டில் கழற்றினால் மரை பிய்ந்து வரலாம். கழற்றியதை 1, 2, 3 என்று எழுதிய பேப்பரில் அதே வரிசையில் வையுங்கள். கலந்துவிட்டால் எந்த சிலிண்டரில் கோளாறு என்ற தகவலே போய்விடும். வெளிர் பழுப்பு நிறம் நல்லது. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் கூடுதல். எண்ணெய்ப் பிசுபிசுப்பு என்றால் அந்த சிலிண்டருக்குள் ஆயில் ஏறுகிறது, அது வேறு வைத்தியம். பிளக் இடைவெளிக்கு வண்டியின் கையேட்டில் உள்ள அளவையே வையுங்கள். மாட்டும்போது முதலில் கையால் மரையில் ஏற்றிவிட்டு, அப்புறம் ஸ்பானர்.

பிளக் வயர் உள்ள வண்டி என்றால், இருட்டிய பிறகு பானட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். வயர் மேல் நீலப் பொறி ஓடினால் அந்த செட்டையே மாற்றுங்கள். கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

எம்பிஎஃப்ஐ வண்டியில் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும் வகை) எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க, ஐடிலில் இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். கழற்றியதும் எஞ்சின் தடுமாறினால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. ஒரு மாற்றமும் இல்லையென்றால் அதுதான் ஆசாமி. செக் லைட் எரியும், பயப்பட வேண்டாம், ஸ்கேனரில் அழித்துவிடலாம். இதையே பிளக் வயரைப் பிடுங்கிச் செய்யும் பழக்கம் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. ஷாக் ஒரு பக்கம். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் அதையும் கெடுக்கும்.

எல்லா சிலிண்டரும் எரிந்தும் ஐடில் ஏறி இறங்கினால், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடியில் கரி படிந்திருக்கலாம். கிளீனரைத் துணியில் அடித்துத் துடைத்தெடுங்கள். மோட்டாரில் இயங்கும் திராட்டில் என்றால் தகட்டைக் கையால் நெம்பாதீர்கள். அதோடு காய்ந்து வெடித்த வேக்யூம் குழாய்களையும் பாருங்கள். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் கொண்டுபோனால் "ஸ்ஸ்" என்று கேட்கும் இடம் தெரியும். ஓடும் பெல்ட், ஃபேன் பக்கம் மட்டும் குழாயைக் கொண்டுபோகாதீர்கள்.

ஏசி போட்டதும் கம்ப்ரஸர் எஞ்சினைக் கீழே இழுக்கும், கம்ப்யூட்டர் ஐடிலைத் தூக்கிவிட்டு ஈடுகட்ட வேண்டும். தூக்காமல் எஞ்சின் திணறினால், மவுண்டிங்கைத் திட்டுவதற்கு முன் ஐடில் வால்வைச் சுத்தம் செய்யுங்கள்.

5. எஞ்சின் மவுண்டிங்

அதிர்வு விஷயத்தில் பணம் போவது அதிகம் இங்கேதான். தப்பு நடப்பதும் இங்கேதான்.

மவுண்டிங் என்பது இரண்டு இரும்புக்கு நடுவே ஒட்டிய ரப்பர். வயதானால் அந்த ரப்பர் கல்லாகும், வெடிக்கும், எடை தாங்காமல் அமுங்கும். மேலே ஆயில் ஒழுகினால் ஊறிக் கொழகொழவென்று ஆகும். அதனால் ஆயில் கசிவு இருந்தால் அதை அடைத்துவிட்டுத்தான் புது மவுண்டிங்.

சோதனை இப்படி: பானட்டைத் திறந்து, உதவியாளரை டிரைவர் சீட்டில் உட்காரவையுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, கால் பிரேக்கையும் அழுத்தி, முதல் கியரில் கிளட்ச்சை மெல்ல எஞ்சின் லேசாக இழுக்கும் வரை மட்டும் விடச் சொல்லுங்கள். பிறகு ரிவர்ஸில் அதே போல. நீங்கள் பக்கவாட்டில் நில்லுங்கள். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் இருக்கக்கூடாது. எஞ்சின் கொஞ்சம் சாய்ந்து நின்றால் சரி. "டொக்" என்று எகிறி விழுந்தால் ஏதோ ஒரு மவுண்டிங் போய்விட்டது.

எது என்று தெரிய, எஞ்சினை அணைத்துவிட்டு ஆயில் சம்ப்புக்கு (எஞ்சினின் கீழுள்ள ஆயில் தொட்டி) அடியில் மரக்கட்டை வைத்து, ஜாக்கியால் எஞ்சினின் எடையை மட்டும் லேசாக ஏந்துங்கள். வண்டியையே தூக்கிவிடாதீர்கள், சம்ப் நசுங்கிவிடும். இப்போது டார்ச் அடித்தால், எடை இருந்தபோது மூடிக்கிடந்த வெடிப்பு வாய் பிளந்து தெரியும். என் வண்டியில் கியர் பாக்ஸ் பக்கத்து மவுண்டிங் மேலிருந்து பார்க்கப் புதுசு போல இருந்தது. ஜாக்கியை ஒரு விரல் ஏற்றியதும் ரப்பர் இரும்பை விட்டு முழுசாகப் பிரிந்து, நடுவே எதிர்ப்பக்கத்து வெளிச்சம் தெரிந்தது.

புதுசு வாங்கும்போது மூன்று விஷயம். முதலாவது, பழைய இரும்பு, கண்ணாடி, கதவுக்கெல்லாம் சென்னையில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போகலாம், மவுண்டிங்குக்குப் போகாதீர்கள். கழற்றிய வண்டியின் ரப்பருக்கும் உங்கள் ரப்பருக்கும் ஒரே வயதுதான். இரண்டாவது, விலை குறைந்த மவுண்டிங்கின் ரப்பர் கெட்டியாக இருக்கும். அதைப் போட்டால் எஞ்சின் எகிறாது, ஆனால் அதிர்வு நேராக சீட்டுக்கு வரும். "புதுசு போட்டும் முன்னைவிட மோசம்" என்று புலம்புகிறவர்களில் பலரின் கதை இது. கம்பெனி மவுண்டிங்கே போடுங்கள். ரப்பரைவிடக் கெட்டியான பாலியூரித்தேன் மவுண்டிங் ரேஸ் வண்டிக்கு, நமக்கு வேண்டாம். மூன்றாவது, எல்லாம் ஒரே வயது என்றால் செட்டாகவே மாற்றுங்கள். ஒன்று மட்டும் புதுசாக இருந்தால் மற்ற கிழங்களின் பாரமும் அதன் தலையில் விழும்.

மாட்டும் விதம்: எல்லா போல்ட்டையும் முதலில் கையால் ஏற்றுங்கள். எதையும் முழுசாக முறுக்காமல் ஜாக்கியை இறக்கி, எஞ்சினைக் கையால் முன்னும் பின்னும் நாலு தடவை ஆட்டுங்கள். அது தன் இடத்தில் உட்கார்ந்த பிறகு முறுக்குங்கள். ஒவ்வொன்றாக மாட்டி அப்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். புது மவுண்டிங் அதிர்வதற்கும், சீக்கிரம் கிழிவதற்கும் இது பெரிய காரணம். அவசரப்படும் பட்டறையில் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வது நல்லது.

6. எஞ்சினைச் சுற்றி இருப்பவை

ரேடியேட்டர் ஃபேன் இறக்கை ஒன்று உடைந்தாலே மொத்த மூக்குப்பகுதியும் அதிரும். எஞ்சின் அணைந்து, பேட்டரி நெகடிவ் கழற்றிய பிறகுதான் அதில் கை வைக்க வேண்டும். சூட்டில் அது தானாகச் சுழலத் தொடங்கும்.

சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர் வளையங்கள் அறுந்தால் குழாய் பாடியில் இடித்து எஞ்சின் அதிர்வை அப்படியே தளத்துக்குக் கடத்தும். ஆறிய பிறகு குழாயைக் கையால் ஆட்டிப் பாருங்கள், எங்கும் இடிக்கக்கூடாது. அதன் மேலுள்ள வெப்பத் தகடு துருப்பிடித்துக் கழன்றால் தகர டப்பா போல "ஜில் ஜில்" என்று கேட்கும். பெரிய ஸ்டெயின்லெஸ் ஹோஸ் கிளிப் ஒன்றைச் சுற்றி இறுக்கினால் போதும். தகட்டைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள், தளத்தையும் வயர்களையும் சூட்டிலிருந்து காப்பது அதுதான்.

பேட்டரி கிளாம்ப், ஏர் ஃபில்டர் பெட்டி, பானட்டைத் தாங்கும் கம்பி, மூலையிலுள்ள பானட் ரப்பர்கள்: நான்கையும் ஆட்டிப் பாருங்கள்.

7. சக்கரம்

145/80 ஆர்12 டயர் 80 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்குச் சுமார் 13 சுற்று சுற்றும். விளிம்பில் சில கிராம் கூடுதலாக இருந்தால் அந்தப் 13 முறையும் ஓர் அடி. பேலன்சிங் செய்தால் போய்விடும். அலைன்மென்ட் வேறு. அது வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்கும் டயர் தேய்வதற்கும். உதறலுக்கு அலைன்மென்ட் மட்டும் செய்துவிட்டு வந்து "சரியாகவில்லை" என்பவர்கள் நிறைய.

பேலன்சிங் மெஷினில் டயர் சுற்றும்போது கவனமாகப் பாருங்கள். விளிம்பு மேலும் கீழும் ஏறி இறங்கினால் ரிம் வளைந்திருக்கிறது, அல்லது டயர் உப்பியிருக்கிறது. எத்தனை ஈயக்கட்டி ஒட்டினாலும் அது தீராது. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் டயர் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும். காற்றைச் சரியாக வைத்து இருபது, முப்பது கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஸ்பீடு பிரேக்கரில் "டொக்கு டொக்கு" என்று அடியிலிருந்து வந்தால் லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுண்டிங். இதை அண்டர்சேஸிஸ் பார்க்கும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். டேஷ்போர்டை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள்.

8. இப்போது கேபின்

இங்கே ஒரே விதி: கையால் அழுத்தி சத்தம் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்காமல் எதையும் கழற்றக்கூடாது.

இரண்டு வகைச் சத்தம் உண்டு. எஞ்சின் வேகத்தோடு வருவதைப் பிடிக்க வண்டியை நிறுத்தி வைத்து, உதவியாளரை ஆக்சிலரேட்டரை மெல்ல ஏற்றச் சொல்லுங்கள். "விர்ர்" என்ற இடத்தில் காலை அப்படியே பிடிக்கச் சொல்லி, உள்ளங்கையால் ஒவ்வொரு இடமாக அழுத்துங்கள். சாலையோடு வருவதைப் பிடிக்க, பேவர் பிளாக் போட்ட தெருவில் 20 கிலோமீட்டரில் அவரை ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் முன் சீட்டிலும் பின் சீட்டிலும் மாறி உட்காருங்கள். ஏசி, பாட்டு இரண்டும் அணைந்திருக்கட்டும்.

காது ஏமாற்றும். நான் ஸ்டீயரிங்குக்கு வலது பக்கம் ஒரு "டிர்ர்" சத்தத்துக்காக இரண்டு ஞாயிற்றுக்கிழமை மீட்டர் பெட்டியைக் கழற்றி மாட்டினேன். கடைசியில் பானட்டைத் தாங்கும் கம்பி. அதைக் கவ்விப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் உடைந்து, கம்பி தகரத்தில் துடித்துக்கொண்டிருந்தது. மேலே ஆறாவது படியில் அதைச் சேர்த்ததற்கு அதுதான் காரணம். இன்னொன்று, ஏசி காற்றைக் கூட்டினால் மட்டும் "தரதர" என்றால் புளோயருக்குள் இலை விழுந்திருக்கும். வேப்பமரத்தடியில் நிறுத்துபவர்களுக்கு இது வருடாவருடம் வரும்.

டிரிம் கழற்றுவதைக் காலை வெயில் கொஞ்சம் ஏறிய பிறகு செய்யுங்கள். பழைய பிளாஸ்டிக் இளஞ்சூட்டில் வளையும், குளிர்ந்திருந்தால் உடையும். உடைந்த கிளிப்புக்குப் புதுக் கிளிப்பே போடுங்கள். பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உரசும் இடத்தில் ஃபெல்ட் டேப். ரப்பர் "கிரீச்" என்றால் சிலிக்கான் ஸ்பிரே. கிரீஸும் எஞ்சின் ஆயிலும் ரப்பரை உப்பவைக்கும். செலோ டேப், சாதாரண டபுள் சைடு டேப் எல்லாம் நம் ஊர் வெயிலில் ஒரே மாதத்தில் பசை உருகி வழியும்.

ஏர்பேக் உள்ள வண்டியில் மஞ்சள் உறை போட்ட வயரையும் கனெக்டரையும் தொடாதீர்கள். ஏர்பேக் மூடியின் மேலோ உள்ளேயோ எதையும் ஒட்டாதீர்கள்.

கதவுக்கு ஒரு காகிதப் பட்டை போதும். கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். இறுக்கமாக வந்தால் பீடிங் (கதவைச் சுற்றியுள்ள ரப்பர்) நன்றாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் பீடிங் அமுங்கிவிட்டது, அல்லது பூட்டு கவ்வும் கொக்கியை அரை மில்லிமீட்டர் உள்ளே தள்ள வேண்டும். கண்ணாடியைப் பாதி இறக்கினால் மட்டும் ஆடுகிறதா? கண்ணாடி ஓடும் ரப்பர் சேனலை மாற்றுங்கள்.

9. டேம்பிங் ஷீட், வேண்டுமென்றால்

இவ்வளவுக்கும் பிறகு கதவைத் தட்டினால் தகரம் போல ஒலிக்கிறது என்றால் மட்டும் ஒட்டுங்கள். பியூட்டைல் ரப்பர் ஷீட் வாங்குங்கள். கூரைக்கு ஒட்டும் தார் ஷீட் வெயிலில் உருகி நாறும். தகட்டின் நடுப்பகுதியில் கால்வாசி, மூன்றில் ஒரு பங்கு பரப்பில் ஒட்டி ரோலரால் அழுத்தினாலே அதன் துடிப்பு பெருமளவு அடங்கும். முழுக்க மூடினால் கதவின் எடைதான் கூடும், கீல் இறங்கும். கதவின் அடியிலுள்ள தண்ணீர் வடியும் ஓட்டைகளை அடைத்துவிடாதீர்கள். மழைத்தண்ணீர் உள்ளேயே நின்று ஒரு மழைக்காலத்தில் துரு ஏறிவிடும்.

10. திரும்பச் சோதனை

ஒரு நாளில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். பிளக், மவுண்டிங், பேலன்சிங் மூன்றையும் ஒரே நாளில் செய்தால் எது குணமாக்கியது, எது கெடுத்தது என்றே தெரியாது. ஒவ்வொன்றுக்குப் பிறகும் அதே சாலை, அதே வேகம், அதே டம்ளர். மவுண்டிங் போல்ட்டுகளை 500 கிலோமீட்டருக்குப் பிறகு ஒரு தடவை ஸ்பானர் வைத்துப் பாருங்கள். ரப்பர் உட்கார்ந்ததும் ஒன்றிரண்டு தளர்ந்திருக்கலாம்.

என் முதல் வீடியோவில் ஏசி போட்டதும் தண்ணீர் டம்ளர் விளிம்பைத் தாண்டித் தெறிக்கிறது. கடைசி வீடியோவில் கம்ப்ரஸர் பிடிக்கும்போது நடுவில் ஒரு சின்ன வளையம் எழுந்து அடங்குகிறது. அந்த வளையத்தை மூன்று சிலிண்டருக்கே விட்டுவிட்டேன்.